அரோலா – ஸெர்மாட், ஏப்ரல் கடைசி வாரம்: கைபேசியில் சூரியன் காட்டுகிறது, நம்பலாமா?

கிழக்குச்சரிவு | செவ்வாய், இரவு 9.10

வணக்கம். வரும் சனி, ஞாயிறு நாங்கள் நால்வர் ஆல்ப்ஸில் சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை போகும் பல நாள் மலைப்பாதையான ஓத் ரூட்டின் கடைசித் துண்டை மட்டும் பனிச்சறுக்கில் கடக்க எண்ணியிருக்கிறோம். சனிக்கிழமை அரோலாவிலிருந்து ஏறி வின்யெத் குடிலில் தங்கல். ஞாயிறு அங்கிருந்து லெவேக், மோன் ப்ரூலே, வால்பெலின் என மூன்று கணவாய்களைத் தாண்டி ஸெர்மாட்டில் இறங்குவது. நால்வரும் பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு முகாமிலிருந்தே சறுக்குகிறவர்கள். பனியாற்றில் நடக்கத் தேவையான கயிறு, இடுப்புவார், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி எல்லாம் இருக்கின்றன, பயன்படுத்தவும் தெரியும். வழிகாட்டி இல்லை.

கைபேசிச் செயலியில் அரோலாவுக்கு இரண்டு நாளும் சூரியன். ஸெர்மாட்டுக்கு ஞாயிறன்று சூரியனோடு ஒரு துண்டு மேகம். பனிச்சரிவு அறிவிப்பில் இப்போது ஐந்தில் இரண்டாம் நிலை. இதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும்? நண்பன் ஒருவன் இதற்காகவே டொராண்டோவிலிருந்து வருகிறான். ஆகவே 'போகாதே' என்று ஒற்றை வரியில் எழுதாமல், காரணத்தோடு எழுதினால் உதவியாக இருக்கும்.

தாமரை_சியோன் | செவ்வாய், இரவு 9.48

முதலில் அந்தச் சூரியப் படத்தை மறந்துவிடுங்கள் தம்பி. அது அரோலா கிராமத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு. ஸெர்மாட் 1,600 மீட்டர். நீங்கள் ஞாயிறு காலையிலிருந்து பிற்பகல் வரை இருக்கப்போவது பெரும்பாலும் 3,000 மீட்டருக்கு மேல். வால்பெலின் கணவாய் 3,500ஐத் தாண்டும். அந்த உயரத்துக்கு யாரும் உங்களுக்கு இன்னும் ஒரு முன்னறிவிப்பும் தரவில்லை.

இன்னொன்று, ஊர்ச் சூரியன் நம் வலே மாநிலத்தில் சில நாட்களில் நேர் எதிரான செய்தியைச் சொல்லும். தெற்கிலிருந்து காற்று வரும்போது வட இத்தாலியின் போ சமவெளியிலிருந்து ஈரக்காற்று இத்தாலியப் பக்கச் சரிவில் ஏறி, முகட்டில் மேகச் சுவராக நின்று பனி கொட்டும். இந்தப் பக்கம் இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஒரு பாகை வீதம் சூடாகிக் காய்ந்துவிடும். அதுதான் ஃபொன் காற்று. சியோனில் சட்டைக் கையை மடித்துவிட்டு வாசலில் காப்பி குடிப்போம். அதே நேரத்தில் முகட்டில் கை நீட்டினால் விரல் தெரியாது. உங்கள் பாதை அந்த முகட்டின் மேலேயே போகிறது, ஒரு பகுதி இத்தாலிக்குள்ளும் போகிறது.

ஆகவே ஊரை விட்டு, உயரத்தைப் பாருங்கள். காற்று வரைபடத்தில் 700 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அது ஏறத்தாழ 3,000 மீட்டர். ஞாயிறன்று அங்கே காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில் என்று பார்த்து இங்கே எழுதுங்கள். பிறகு தெற்கே லுகானோவுக்கும் வடக்கே சூரிச்சுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு. தெற்கில் 4 ஹெக்டோபாஸ்கல் கூடினால் வடக்குப் பள்ளத்தாக்குகளில் ஃபொன் எழும் என்பது பொதுக் கணக்கு. 8 என்றால் நான் முகட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டேன். வலேக்கு அது நேர் அளவுகோல் அன்று. ஆனாலும் போக்கு தெரிந்துவிடும்.

பழைய_மலையன் | செவ்வாய், இரவு 11.02

நாங்கள் 162 என்ற எண்ணை அழைத்து வானிலை கேட்டுவிட்டு மலைக்குப் போன காலமும் இருந்தது. ஒரு குரல், ஒரு நிமிடம், முடிந்தது. இன்று பிள்ளைகள் ஐந்து செயலிகளைத் திறந்து, ஐந்தில் எது தங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். இதை வானிலை பார்ப்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை இருந்துகொண்டு ஞாயிறைப் பற்றிப் பேசுவதே வீண். வியாழன் மாலை வாருங்கள்.

கோவைப்_பனி | புதன், காலை 7.25

ஐயா சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். பிடித்த செயலியைத் தேடுவது தவறு. ஆனால் செவ்வாயன்று ஞாயிறைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பது சரியில்லை. எவ்வளவு தெரியாது என்பதையாவது தெரிந்துகொள்ளலாம்.

சுவிஸ் வானிலை நிறுவனமான மெட்டியோசுவிஸ் 2024 முதல் இரண்டு கணினி மாதிரிகளை ஓட்டுகிறது. ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களில், ஒன்றரை நாள் அளவுக்கு. மற்றொன்று இரண்டு கிலோமீட்டர் கட்டங்களில் ஐந்து நாளுக்கு. ஐந்து நாள் மாதிரியை ஒரு தடவை கணக்கிட்டு விட்டுவிடுவதில்லை. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 21 முறை ஓட்டுகிறார்கள். 21 கோடுகளும் ஞாயிறு வரை ஒட்டிக்கொண்டு போனால் நம்பிக்கை வைக்கலாம். சனி இரவிலிருந்து விசிறி போல விரிந்தால், உங்கள் செயலி காட்டுகிற ஒற்றைச் சூரியன் அந்த விசிறியின் நடுவிலிருந்து பிடுங்கிய ஒரு மட்டை, அவ்வளவுதான்.

சூரிச்சில் கணினி வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சொந்தக் கடுப்பும் உண்டு. விரிவு என்பதுதான் அந்தக் கணிப்பிலேயே விலைமதிப்பான பகுதி. செயலிகள் அதை மறைத்துவிட்டுப் படம் போடுகின்றன.

கட்டம் பற்றியும் ஒரு சொல். இரண்டு கிலோமீட்டர் கட்டத்தில் கணவாயும் சிகரமும் ஒன்றாக மழுங்கிவிடும். மாதிரிக்குள் இருக்கும் மலை உண்மை மலையைவிடக் குள்ளம். கணவாய் வாயில் காற்று நெருக்கிக்கொண்டு வேகமெடுப்பதை அது முழுதாகக் காட்டாது. எண்ணைப் பார்த்துவிட்டு மேலே கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிழக்குச்சரிவு | புதன், இரவு 8.30

மிக்க நன்றி. தாமரை அக்கா கேட்டவை: சனி காலை 3,000 மீட்டரில் தென்மேற்குக் காற்று, மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில். சனி இரவு தெற்காகத் திரும்பி 45. ஞாயிறு நண்பகல் 60க்கு மேல். அழுத்த வேறுபாடு ஞாயிறு 6ஐத் தொடுகிறது. கோடுகள் சனி மாலை வரை ஒட்டியிருக்கின்றன, பிறகு விரிகின்றன. மேற்கிலிருந்து வரும் மழைமுகம் (மழைமேகக் கூட்டத்தின் முன்விளிம்பு) ஞாயிறு மாலை என்று ஒரு கூட்டம், ஞாயிறு நண்பகல் என்று இன்னொரு கூட்டம்.

அதிகாலை ஐந்து மணிக்குக் குடிலிலிருந்து கிளம்பினால் பதினொன்று, பதினொன்றரைக்கு வால்பெலின். அதன் பிறகு இறக்கம்தானே? முந்திவிட முடியாதா?

மேப்பிள்_வடக்கு | புதன், இரவு 10.17

டொராண்டோவிலிருந்து வருகிறவன் நான்தான். நண்பன் இங்கே கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதிவு செய்தேன். எல்லோரும் பயமுறுத்துவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். 60 கிலோமீட்டர் காற்றில் நான் கனடாவில் சறுக்கியிருக்கிறேன். நல்ல உடை இருந்தால் போதும். ஞாயிறு காலை வானம் தெளிவாக இருந்தால் போவோம், இல்லையென்றால் திரும்புவோம். இதில் என்ன இவ்வளவு ஆராய்ச்சி?

தாமரை_சியோன் | வியாழன், காலை 6.50

தம்பி மேப்பிள், வருக. கோபப்பட மாட்டேன், ஆனால் வரைபடத்தை ஒரு தடவை விரித்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

லெவேக் கணவாயைத் தாண்டி இறங்கினால் மேல் அரோலாப் பனியாறு. அங்கிருந்து இடப்பக்கம் வடக்கே இறங்கி அரோலாவுக்கே திரும்பிவிடலாம். அதுதான் கடைசிக் கதவு. மோன் ப்ரூலே கணவாயில் சறுக்குப்பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு செங்குத்தாக ஏறி அந்தப் பக்கம் போய்விட்டால், ட்சா தெ ட்சான் பனியாற்றில், இத்தாலிக்குள் நிற்பீர்கள். இனி முன்னால் வால்பெலின், அதற்கப்பால் பிளவுகள் நிறைந்த ஸ்டொக்யிப் பனியாறு. பின்னால் மறுபடி மோன் ப்ரூலே. பக்கவாட்டில் இத்தாலியின் ஆளில்லாப் பள்ளத்தாக்கு. 'இல்லையென்றால் திரும்புவோம்' என்ற உங்கள் வாக்கியம் காலை ஒன்பது மணியோடு காலாவதியாகிவிடும். வானிலை கெடுவது பதினொன்றுக்கு என்றால் அந்த வாக்கியத்தால் பயனில்லை.

2018 ஏப்ரல் 29 அன்று நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தீஸ் குடிலிலிருந்து பின்யு தரோலா சிகரம் வழியாக வின்யெத் குடிலை நோக்கி வந்த இரண்டு குழுக்கள், மொத்தம் 14 பேர், புயலில் வழிதவறி இரவு முழுவதும் வெளியில் கிடந்தார்கள். குடில் சில நூறு மீட்டர் தொலைவில்தான் இருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பனிச்சரிவில் இல்லை, பெரும்பாலும் குளிரில். வானிலை கெடும் என்று முன்னறிவிப்பு இருந்தது. 2024 மார்ச் 9 அன்று ஸெர்மாட்டிலிருந்து அரோலாவுக்குக் கிளம்பிய ஆறு பேர் தெத் ப்ளான்ஷ் பகுதியில் சிக்கினார்கள். நீங்கள் போகிற வால்பெலின் கணவாய்க்குப் பக்கத்து மேடு அது. ஐவரின் உடல்கள் கிடைத்தன. அன்றும் தெற்கிலிருந்துதான் புயல்.

இரண்டாம் நிலை என்கிற பனிச்சரிவு எண்ணை வைத்துத் தைரியம் கொள்வதும் இதனால்தான் தவறு. அந்த எண் பனி சரியுமா என்று சொல்லும். நீங்கள் வழி கண்டுபிடிப்பீர்களா என்று சொல்லாது.

உடையைப் பற்றிச் சொன்னீர்கள். மைனஸ் 5 பாகையில் மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 17. அந்தக் காற்றில் கையுறையைக் கழற்றி ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளியைத் தொட வேண்டியிருக்கும், ஏறும்போது வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டிய பசைத்துணியை, அதாவது தோலை, உரித்து மடிக்க வேண்டியிருக்கும். தோல் கையிலிருந்து பறந்து உங்கள் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்ப்பதற்குள் முன்னால் போன ஆள் வெண்மையில் மறைந்துவிடுவார்.

பேர்ன்காரன் | வியாழன், நண்பகல் 12.40

எல்லோரும் ஞாயிறையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சனி இரவை யாராவது பார்த்தீர்களா? வசந்தகாலத்தில் நான் முதலில் பார்ப்பது இரவு மேகத்தைத்தான். பகல் வெயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. பகலில் ஈரமாகிக் குழைந்த பனி இரவில் உறைந்து கல்லாக வேண்டும். உறைவதற்குக் காற்று பூச்சியத்துக்குக் கீழே போகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வானம் திறந்திருந்தால் பனி தன் வெப்பத்தை நேராக விண்வெளிக்கு விட்டுவிடும். காற்று பிளஸ் 1 ஆக இருக்க, பனியின் மேற்பரப்பு மைனஸ் 7 வரை போனதை நிலைய அளவீடுகளில் பார்க்கலாம். மாறாக, மேகம் மூடிவிட்டால் அது போர்த்திவிட்டது போலாகும். காற்று மைனஸ் 1 ஆக இருந்தாலும் மேல்பரப்பில் விரலளவு ஓடுதான் உறைந்திருக்கும், அடியில் கஞ்சி. காலை எட்டு மணிக்கே அது உடையும்.

சுவிஸ் பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்திலும் அதன் வைட் ரிஸ்க் செயலியிலும் உயர்மலைத் தானியங்கி நிலையங்களின் அளவீடுகள் அரைமணிக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படுகின்றன. காற்றின் வெப்பநிலைக் கோட்டையும் பனி மேற்பரப்பின் கோட்டையும் ஒன்றாகப் பாருங்கள். இரவில் இரண்டும் நன்றாகப் பிரிந்து, பனிக்கோடு ஆழமாக இறங்கியிருந்தால் நல்ல உறைவு. இரண்டும் ஒட்டிக்கொண்டு பூச்சியத்தின் பக்கத்தில் படுத்திருந்தால் மேகம் மூடியிருக்கிறது, படுக்கைக்கே திரும்பலாம்.

மாலை 5 மணிக்கு அந்த நிறுவனம் வெளியிடும் அறிவிப்பில் வசந்தத்தில் இரண்டு பகுதிகள் வரும். உலர் பனிக்கு ஒன்று, பகல் ஏற ஏற ஈரப்பனிக்கு ஒன்று. முதல் வரைபடத்தின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நீங்கள் பிற்பகலில் ஸெர்மாட்டுக்கு மேல் ச்முட் பள்ளத்தாக்கில் இறங்கும்போது இடப்பக்கம் மேலே இருப்பவை தெற்கு நோக்கிய சரிவுகள். அவை காலை முழுவதும் வெயில் குடித்திருக்கும்.

நேரில் சோதிக்க வேண்டுமானால் பலகையைக் கழற்றிவிட்டுக் காலணியோடு மிதியுங்கள். தாங்கினால் சரி. கணுக்கால் வரை போனால் யோசியுங்கள். முழங்கால் போனால் யோசிக்க ஒன்றுமில்லை.

கோவைப்_பனி | வியாழன், பிற்பகல் 1.15

பேர்ன்காரன் அண்ணா, இதோடு சகாராத் தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்குக் காற்று வலுக்கும்போது அதுவும் கூடவே வரும். 2024 ஈஸ்டரில் வானமே மஞ்சளாகிக் கிடந்தது நினைவிருக்கும். பல மாதிரிகள் தூசியைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆகவே 'தெளிவான வானம்' என்று கணித்த நாளில் பால் போல மங்கிக் கிடக்கும். பனியில் படிந்துவிட்டால் வெயிலை அதிகமாக உறிஞ்சி வேகமாக உருகும். ஒளி தட்டையாகிவிட்டால் பள்ளம் எது, மேடு எது என்றும் தெரியாது.

பழைய_மலையன் | வியாழன், மாலை 6.05

இப்போது வியாழன் மாலை. இனிப் பேசலாம்.

நடு வலேயின் மலைகளை இணையத்தில் நேரடியாகக் காட்டும் எல்லா நிழற்படக் கருவிகளையும் திறந்து பாருங்கள். 360 பாகை சுற்றும் கருவிகளில் பழைய படங்களும் இருக்கும். நேற்று மாலை நான்கு மணி, முந்தாநாள் மாலை நான்கு மணி, இன்று மாலை நான்கு மணி. மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். பகல் மேகம் ஒவ்வொரு நாளும் முந்தி எழும்புகிறதா? இத்தாலிய முகட்டில் வெள்ளைத் திரை தொங்குகிறதா? மீன் வடிவ மேகம் அசையாமல் நிற்கிறதா? அசையாத மேகத்துக்குள்தான் காற்று மிக வேகமாக ஓடுகிறது என்பதைப் பலர் நம்பமாட்டார்கள்.

அடுத்தது, கைக்கடிகாரத்தில் உயரமானி இருக்கும். குடிலில் படுக்கப் போகும்போது உயரத்தைக் குறித்துவையுங்கள். காலையில் எழுந்ததும் பாருங்கள். குடில் நகராது. கடிகாரம் 40 மீட்டர் 'ஏறியிருந்தால்', அந்த உயரத்தில் அழுத்தம் மூன்றரை ஹெக்டோபாஸ்கல் விழுந்திருக்கிறது என்று பொருள். எந்தச் செயலியும் கிடைக்காத இடத்தில் கிடைக்கும் முன்னறிவிப்பு அது.

குடில் காப்பாளருக்குத் தொலைபேசியில் அழையுங்கள். 'போகலாமா' என்று கேட்காதீர்கள், அவர் அதற்குப் பதில் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. இன்று காலை ஸெர்மாட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், யாராவது திரும்பி வந்தார்களா, இரவு பனி உறைந்ததா, இப்போது வெளியே காற்று எப்படி என்று கேளுங்கள்.

மேப்பிள்_வடக்கு | வியாழன், இரவு 9.33

ஐயா, நீங்கள் எழுதியதில் உயரமானிக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இப்படி எல்லாவற்றையும் பார்த்தால் மலைக்கு யாரும் போகவே முடியாது. எப்போதும் ஏதாவது ஒரு கோடு விரிந்துதான் இருக்கும்.

தாமரை_சியோன் | வியாழன், இரவு 9.58

போகலாம், போகிறோம். போன வாரம் உயர் அழுத்தம் நின்றது, 21 கோடும் ஒன்றாகப் போயின, இரவுகள் திறந்திருந்தன. நானே மலையில்தான் இருந்தேன். உங்கள் வார இறுதிக்கு அந்த வாரம் அமையவில்லை, அவ்வளவுதான். விமான டிக்கெட்டை முகடு பார்ப்பதில்லை.

கிழக்குச்சரிவு | வெள்ளி, மாலை 6.20

காப்பாளரிடம் பேசினேன். நல்ல மனிதர், அவசரமில்லாமல் பேசினார். நேற்றும் இன்றும் காலையில் பனி கல் போல இருந்ததாம், எல்லோரும் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பி ஸெர்மாட் சேர்ந்துவிட்டார்களாம். நாளை மாலை வரை கவலையில்லை என்றார். ஞாயிறு பற்றிக் கேட்டபோது, இரண்டு வழிகாட்டிகள் தங்கள் குழுவுக்கான இடத்தை ரத்து செய்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒரு கிலோமீட்டர் மாதிரியின் எல்லைக்குள் ஞாயிறு அதிகாலையும் வந்துவிட்டது. சனி பிற்பகலிலிருந்தே தெற்குக் காற்று, இரவு மேகமூட்டம். மற்ற மாதிரியில் ஞாயிறு காலை முகட்டில் திடீர்க் காற்று வீச்சுகள் மணிக்கு 90 கிலோமீட்டர். மழைமுகம் முன்பு சொன்னதைவிட முந்திவிட்டது, நண்பகல். அழுத்த வேறுபாடு 8. மாலை ஐந்து மணி அறிவிப்பும் ஞாயிறுக்குப் புதுப்பனியும் காற்றும் என்கிறது.

ஸெர்மாட்டை விட்டுவிட்டோம். சனி காலை ஆறு மணிக்கு அரோலாவிலிருந்து ஏறி, வின்யெத் வரை போய், நண்பகலுக்குள் இறங்கிவிடுவது என்று முடிவு. குடிலுக்குச் சொல்லிவிட்டேன். நண்பன் இரண்டு மணி நேரமாகப் பேசவில்லை.

பேர்ன்காரன் | வெள்ளி, மாலை 6.44

நல்ல திட்டம். இன்றிரவு வானம் திறந்திருக்கிறது, நாளை காலை உறைவு நன்றாக இருக்கும். ஏறும்போது பலகையில் மாட்டும் இரும்புப் பற்களை எடுத்துச் செல்லுங்கள், கல்லாக இருக்கும். இறங்கும் நேரத்தை ஏறும் முன்பே தீர்மானித்துவிடுங்கள். பதினொன்றரை என்றால் பதினொன்றரை. மேலே போய்த் தீர்மானித்தால் அது எப்போதும் பன்னிரண்டரையாகும்.

மேப்பிள்_வடக்கு | வெள்ளி, இரவு 8.10

பேசாமல் இருந்தது உண்மை. வாதாட முடியவில்லை என்பதற்காக மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன்.

கிழக்குச்சரிவு | ஞாயிறு, மாலை 4.35

கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

சனி ஆறு மணிக்குக் கிளம்பினோம். தலைக்கு மேல் ஒரு மேகமில்லை. பனி பேர்ன்காரன் அண்ணா சொன்னபடி. முதல் சரிவில் இரும்புப் பற்கள் கிறீச்சிட்டன, ஊன்றுகோல் முனை இறங்க மறுத்தது. பத்து மணிக்குக் குடில். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சூப் குடித்தபோது காற்று ஒரு தாளைக்கூடப் புரட்டாத அளவில்தான் இருந்தது. நண்பன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை.

பதினொன்றுக்குப் பிறகுதான் மாற்றம். லெவேக் பக்கத்தில், எல்லைக்கு அப்பால், முகட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. முதலில் பனி என்றே நினைத்தோம். சிறிது நேரத்தில் அது தடித்து, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியத் தொடங்கி, வழிந்த இடத்திலேயே கரைந்தது. கடிகாரத்தின் உயரமானி நாங்கள் வந்ததிலிருந்து 15 மீட்டர் ஏறியிருந்தது. பதினொன்றரைக்கு இறங்கினோம். மேலே பனி அரை அங்குலம் இளகி, சறுக்க அருமையாக இருந்தது. கீழே அரோலாவின் மரங்களுக்கு அருகில் குழைந்துவிட்டது.

இன்று காலை சியோனில் வெயில். எட்டு மணிக்கு நண்பன் கைபேசியை நீட்டி, 'ஸெர்மாட்டில் சூரியன்' என்றான். படத்தில் மாட்டர்ஹார்ன் பாதி வரைதான் தெரிந்தது.

மேப்பிள்_வடக்கு | ஞாயிறு, மாலை 5.02

முழுதாக எழுது. எட்டு மணிக்கு அரோலாவுக்கு மேல் நீல வானம் இருந்தது. மோன் ப்ரூலே வரை தெளிவாகவே போயிருக்கலாம். அதை யாரும் மறுக்க முடியாது.

பழைய_மலையன் | ஞாயிறு, மாலை 5.30

மறுக்கவில்லையே. மோன் ப்ரூலே வரை தெளிவாகப் போயிருப்பீர்கள். அதற்குப் பிறகு என்ன செய்திருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. நான் காலையிலிருந்து நிலைய அளவீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குப் பிறகு முகட்டு நிலையங்களில் வீச்சுகள் 80ஐத் தாண்டின, பதினொன்றுக்கு எல்லாக் கருவிகளிலும் வெறும் சாம்பல் நிறம். பதினொன்றுக்கு எங்கே இருந்திருப்பீர்கள் என்று உங்கள் நண்பர் புதனன்றே எழுதிவிட்டார்.

தாமரை_சியோன் | ஞாயிறு, மாலை 6.15

மேல் அரோலாப் பனியாற்றில் நீல வானத்தைப் பார்த்தபடி வடக்கே திரும்பி இறங்குவதற்கு நால்வரில் யார் வாய் திறந்திருப்பார்கள்? எனக்கு அதில்தான் சந்தேகம். புயலில் திரும்பச் சொல்வது எளிது. வெயிலில் சொல்ல வேண்டும்.

மேப்பிள்_வடக்கு | ஞாயிறு, இரவு 7.40

நான் திறந்திருக்க மாட்டேன். அது உண்மை.

சரி, வியாழக்கிழமை வரை இங்கேதான் இருக்கிறேன். புதன் காலை வடக்குக் காற்று வந்து வானம் திறக்கும் என்று ஒரு கூட்டம் கோடுகள் சொல்கின்றன. ஏதாவது வாய்ப்பு உண்டா?

கோவைப்_பனி | ஞாயிறு, இரவு 8.05

21இல் எத்தனை கோடு?

மேப்பிள்_வடக்கு | ஞாயிறு, இரவு 8.11

ஏறத்தாழ பாதி. 700 ஹெக்டோபாஸ்கலில் வடமேற்கு, 25. இரவு மேகம் இன்னும் தெளிவில்லை.

பேர்ன்காரன் | ஞாயிறு, இரவு 8.50

வானம் திறந்தாலும் இன்று விழுந்த புதுப்பனியை மறக்காதீர்கள். தெற்குக் காற்று அதை வடக்குச் சரிவுகளில் கொண்டுபோய்க் குவித்திருக்கும். முதல் தெளிவான நாள் பார்க்க அழகாகவும் காலுக்கு மோசமாகவும் இருக்கும். பனியாற்றில் பிளவுகளின் மேலும் புதிய மூடி போட்டிருக்கும். செவ்வாய் மாலை ஐந்து மணி அறிவிப்பு வந்ததும் இதே இழையில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். முகட்டை விட்டுச் சற்று வடக்கே, 30 பாகைக்குக் குறைந்த சரிவுகளாக ஒரு நாள் பாதையை நான் தேடி வைக்கிறேன்.